சினாப்ஸ்

சினாப்ஸ் என்பது ஒரு நரம்புச் செல் தன் செய்தியை அடுத்த செல்லுக்குக் கைமாற்றும் இடம். பெரும்பாலான சினாப்ஸ்களில் இரு செல்களும் ஒட்டுவதில்லை. நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி உண்டு. அதைக் கடப்பது மின்சாரம் அல்ல, வேதிப்பொருளே என்பதற்கு வலுவான சான்றை 1921-இல் ஓட்டோ லோவி தந்தார். தவளை இதயமொன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அதிலிருந்த உப்புக் கரைசலை வேறொரு இதயத்தில் விட்டபோது, நரம்பு தூண்டப்படாத அதுவும் மெதுவாகத் துடித்தது. கரைசலில் கலந்திருந்தது அசிட்டைல்கோலின் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இதயத்துக்குச் சரி, மைய நரம்பு மண்டலத்தின் வேகத்துக்கு வேதிப்பொருள் ஈடுகொடுக்குமா என்று மறுத்தவர்களில் முதன்மையானவர் ஜான் எக்கிள்ஸ். 1951-இல் அவரே பூனையின் தண்டுவட நரம்புச் செல்லுக்குள் நுண்மின்முனையைச் செலுத்திப் பார்த்தார். தடைச் சைகை வந்தபோது, மின்கொள்கை எதிர்பார்த்ததற்கு மாறாக, செல்லின் உள்மின்னழுத்தம் மேலும் எதிர்மறையானது. எக்கிள்ஸ் தம் கருத்தைக் கைவிட்டார். வேகத்துக்கு விடை அமைப்பிலேயே உள்ளது: கால்சியம் அயனிகள் புகுந்ததும், சவ்வருகே தயாராக நிற்கும் நுண்பைகள் ஒரு மில்லிசெகண்டுக்குள் அதனுடன் இணைந்து வேதிப்பொருளைக் கொட்டிவிடுகின்றன. நேரடி மின் சினாப்ஸ்களும் இருக்கின்றனவே என்று கேட்கலாம்; உண்மைதான், கிரேஃபிஷ் போன்ற உயிரிகள் தப்பியோட அவை உதவுகின்றன. ஆனால், வந்த தூண்டுதலைத் தடையாக மாற்றவும் பலமடங்கு பெருக்கவும் வேதிச் சினாப்ஸே ஏற்றது; மூளையில் அது மேலோங்கியிருப்பதற்குக் காரணமும் இந்த நெகிழ்வே எனக் கொள்வது பொருந்தும்.