அடைப்பமும் அடைப்பானும்: சவரத் தூரிகையின் மயிர்க்கட்டு பற்றி

நாவிதரின் கருவிப்பைக்குத் தமிழில் அடைப்பம் என்று பெயர், தெலுங்கில் அடபமு. வெற்றிலைப் பைக்கும் இரு மொழிகளிலும் இதே சொல்தான். கால்நடைகளைத் திடீரெனச் சாய்க்கும் ஆந்த்ராக்ஸ் நோயைத் தமிழர் அடைப்பான் என்பர், தெலுங்கர் தொம்ம என்பர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் வடமாலபேட்டை, புத்தூர், நகரி வட்டாரத்தில் இச்சொற்கள் அருகருகே கிடப்பவை. அடைப்பத்தையும் அடைப்பானையும் ஒலியளவில் நெருங்கச் செய்வது 'அடை' என்னும் வினையடி. ஒன்றில் அது உள்ளே இட்டு வைப்பதைக் குறிக்கிறது, மற்றதில் வழி மறிப்பதை. சொல்லில் மட்டும் தோன்றும் இந்த நெருக்கம் வரலாற்றில் ஒருமுறை மெய்யாகவே நேர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அடைப்பான் நோய் சவரக் கருவி ஒன்றின் வழியாகவே மனிதரை வந்தடைந்தது. பழைய சவரத் தூரிகைகளுக்குப் புதுக் கட்டு வைத்துச் சீரமைப்போர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

நம் பழைய அடைப்பத்தில் தூரிகைக்கு இடமில்லை. கத்தி, தீட்டுகல், கத்தரிக்கோல், நீருக்கொரு கிண்ணம் இருந்தால் தொழில் நடந்துவிடும். நீரை விரலால் தேய்த்து மயிரை ஊறவைப்பதே முறை. சவர்க்கார நுரையும் அதை எழுப்பும் தூரிகையும் ஐரோப்பியப் பழக்கத்தோடு வந்தவை. 'ஷேவிங் பிரஷ்' என்ற பெயரையும் உடன் கொண்டுவந்தன. பிரெஞ்சு மொழியிலோ தூரிகைக்கும் பேட்ஜர் என்னும் வளைதோண்டி விலங்குக்கும் 'பிளேரோ' என்ற ஒரே பெயர். விலங்கின் பெயரே கருவிக்கு ஆகிவந்திருக்கிறது. நீரைத் தேக்கி வைக்கும் மென்மையான மயிர் என்பதால் உயர்ந்த தூரிகைகளுக்குப் பேட்ஜர் மயிரும், எளியவற்றுக்குப் பன்றி மயிரும் குதிரை மயிரும் பயன்பட்டன.

தூரிகைக்கு உறுப்புகள் இரண்டே: பிடி, மயிர்க்கட்டு. எலும்பு, கொம்பு, மரம், பேக்லைட் ஆகியவற்றால் ஆன பிடி தலைமுறைகள் தாண்டும். கட்டு அப்படியன்று, மயிர் முறியும், உதிரும், அடி கழன்றுவிடும். சீரமைப்பவர் பழைய மயிரைப் பிடியின் விளிம்போடு வெட்டி, எஞ்சிய அடியைத் துளைத்தெடுத்து, குழியைச் சுத்தம் செய்து, பெரும்பாலும் 20 முதல் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதுக் கட்டை அரால்டைட் போன்ற பசையால் நிறுத்துகிறார். எவ்வளவு மயிர் வெளியே நிற்க வேண்டும் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. குழி ஆழமானால் தூரிகை விறைக்கும், மேலோட்டமானால் துவளும். கெட்டிப்படுத்திய ரப்பரில் மயிரைப் பதித்த நியூவார்க் நகரின் ரப்பர்செட் தூரிகைகள் எளிதில் கட்டை விட்டுக்கொடுப்பதில்லை. (எலும்பு முறிவுக்குப் போடும் கட்டால் பெயர்பெற்ற புத்தூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மயிர்க்கொத்தைக் குறிக்கக் 'கட்டு' என்பதைவிட நல்ல சொல்லைத் தேட வேண்டியதில்லை.)

போருக்கு முன் ரஷ்யாவிலிருந்து வந்த மயிர் ஜெர்மனியில் தூய்மையாக்கித் தரம் பிரிக்கப்பட்ட பின்பே பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. 1914-இல் அவ்வழி அடைபட்டது. அதே வேளையில் தேவை பெருகிற்று. நச்சுப்புகை முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டுமானால் தாடி கூடாது. ஒவ்வொரு படைவீரருக்கும் சவரக் கருவிகள் வேண்டியிருந்தன. சீனா, சைபீரியா பகுதிகளின் குதிரை மயிர், பல வேளைகளில் ஜப்பான் வழியாக, சந்தையை நிரப்பியது. பேட்ஜர் மயிரின் நடுவில் இயல்பாக ஒரு கறுப்புப் பட்டை உண்டு. குதிரை மயிரை வெளுத்து அதே பட்டையைச் சாயத்தால் தீட்டிப் போலித் தூரிகைகள் செய்தனர். அடைப்பான் கண்ட விலங்கின் மயிரில் தங்கிய கிருமி வித்துகள் அவற்றோடு பயணம் செய்தன.

சவரக் கத்தி இட்ட சிறு கீறல் போதும், வித்து தோலுக்குள் நுழைந்துவிடும். பின்னர் வலியற்ற கொப்புளம், கழுத்து வீக்கம், நடுவில் கரிநிறப் பொருக்கு. 'ஆந்த்ராக்ஸ்' என்பது கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நோய்ப் பெயர் அப்பொருக்கின் நிறத்திலிருந்து பிறந்தது. 1915 முதல் 1924 வரை அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளின் படைவீரரும் பொதுமக்களுமாக 200-க்கும் மேற்பட்டோர் தூரிகை வழியே இந்நோய் கண்டனர்; இறந்தோரும் உண்டு. பிரிட்டன் 1920-இல் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. அதற்குப் பின் வந்த அமெரிக்கத் தூரிகைகள் பலவற்றின் பிடியில் 'ஸ்டெரிலைஸ்டு' என்ற முத்திரை இருப்பதற்கு இதுவே பின்னணி.

நூறாண்டு கடந்த மயிரில் இன்னும் ஆபத்து இருக்குமா என்னும் ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 1942-இல் ஆந்த்ராக்ஸ் குண்டுச் சோதனை நடந்த ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவு, ஃபார்மால்டிஹைடு தெளித்துத் தூய்மையாக்கிய பிறகு 1990-இல்தான் பாதுகாப்பானதென அறிவிக்கப்பட்டது. வேலூர், சித்தூர் வட்டாரக் கால்நடைகளிடையே இந்நோய் மண்வழியாக நிலைத்திருப்பதையும், இறந்த மாட்டைத் தோலுரிப்போருக்குத் தொற்றுவதையும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பதிவு செய்திருக்கின்றனர். இவ்வட்டாரத்து உழவருக்கு அடைப்பான் பழங்கதையன்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்விதழில் 2017-இல் வெளிவந்த கட்டுரை, 1930-க்கு முற்பட்ட தூரிகைகளைப் பயன்படுத்துவோருக்கு மிகச் சிறிதேனும் ஆபத்து இருக்கக்கூடும் என்று எச்சரித்தது.

பழம்பொருள் திரட்டுவோருள் சிலர் புதுக் கட்டு வைப்பதைப் பழமைக்குச் செய்யும் கேடாகக் கருதுவர். பயன்படுத்தப்போகும் தூரிகையைப் பொறுத்தவரை அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. போர்க்கால மயிரை முகத்தில் தேய்ப்பதற்கு எந்தப் பழமைப் பற்றும் காரணமாகாது. ஆயினும் அவர்கள் கவலையில் ஓர் உண்மை இருக்கிறது. பிடியிலுள்ள முத்திரை விற்றவர் சொன்னதை மட்டுமே சொல்லும். எவ்விலங்கின் மயிர், பட்டை இயல்பானதா சாயமா என்பதற்கான சான்று கட்டில்தான் உள்ளது. சீரமைப்பில் முதலில் குப்பைக்குப் போவதும் அதுவே. ஆகவே வெட்டுமுன் கட்டின் நீளம், நிறம், பட்டையின் இடம், பிடியின் எழுத்துகள் ஆகியவற்றைப் படமெடுத்துக் குறித்துக்கொள்வது நன்று. உலர்ந்த மயிரை அரத்தால் தேய்ப்பதும், துளைத்த தூளை வாயால் ஊதுவதும் கூடாது.

புதிதாக ஏறும் கட்டு இன்று பெரும்பாலும் செயற்கை இழை. அதன் நடுவிலும் பேட்ஜர் மயிரைப் போலவே ஒரு கறுப்புப் பட்டையைத் தீட்டித்தான் விற்கிறார்கள்.