தேநீரின் செந்நிறமும் இருபத்து நான்கு ஐதரசன்களும்

கந்தப்பளையின் மலைச்சரிவுகளிற் காலையிற் பறிக்கப்படும் கொழுந்து பச்சைப் பசேலென்றே மடுவத்துக்கு வந்து சேருகின்றது. ஸ்டோரின் மேல்மாடியில் வாடப்போடப்பட்டு, உருளையில் நசுங்கி, குளிர்ந்த அறையிற் பரப்பப்பட்டபின் சில மணி நேரத்துக்குள் அது செம்பு நிறம் கொள்கின்றது. இதனை நொதித்தல் என்று சொல்வது வழக்கமாயினும் பெயர் பொருந்தாது. இங்கே நுண்ணுயிருக்கு வேலையில்லை. இலையிலுள்ள நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனுமே இம்மாற்றத்தைச் செய்கின்றன.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பயிரிட்ட நாள் தொடங்கி, தேநீரின் அந்தச் செம்மைதான் தேயிலையின் விலையைத் தீர்மானித்தவற்றுள் ஒன்று. சுவைப்போர் கிண்ணத்தைப் பார்த்து ‘ஒளியுண்டு’ என்றால் ஏலத்தில் விலை ஏறும். ‘மங்கல்’ என்றால் இறங்கும். மலையிற் கூடை சுமந்தவரின் வாழ்வும் அந்த விலையோடு பிணைந்திருந்தது. ஆயினும் அந்த நிறம் எப்பொருளால் வந்தது என்பதை முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக எவரும் அறியார். இந்தியத் தேயிலைச் சங்கத்தின் ஆராய்ச்சியாளரான ரொபர்ட்ஸ் என்பவரே 1950களிற் தேநீர்ச் சாற்றை வடிதாளிற் படரவிட்டு, அதிலுள்ள நிறப்பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் ஒளிதரும் செம்மஞ்சட் பொருளுக்குத் தியாபிளாவின் என்று பெயரிட்டார்.

பெயர் கிடைத்தது, உருவம் கிடைக்கவில்லை. பழைய இரசாயனர் ஒரு மூலக்கூற்றின் கட்டமைப்பை அறிய அதனை அமிலத்தாலும் காரத்தாலும் உடைத்து, துண்டுகளைக் கொண்டு முழுமையை ஊகிப்பர். தியாபிளாவினோ காரம் பட்டு, காற்றும் சேர்ந்தால் விரைவிற் சிதைந்துவிடும் இயல்பினது. உடைக்காமலே உள்ளே பார்க்கும் வழியொன்று வேண்டியிருந்தது.

அவ்வழியைப் பௌதிகவியலார் தந்தனர். ஐதரசனின் கருவாகிய புரோத்தன் ஒரு சிறு காந்தம் போன்றது. வலிய காந்தப்புலத்தில் வைத்து வானொலி அலையைச் செலுத்தினால், குறித்த ஓர் அதிர்வெண்ணில் அது அலையை உறிஞ்சும். பாட்டும் செய்தியும் ஏந்திவரும் அலைகளின் இனமே இதுவும் என்பது நேயர்க்கு வியப்பளிக்கலாம். இதனைக் கண்டறிந்த புளொக்கும் பர்செலும் 1952 இல் நோபெற் பரிசு பெற்றனர். அதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஆர்னல்ட், தர்மட்டி, பக்கார்ட் ஆகிய மூவர் எதனோலை இவ்வாறு சோதித்தபோது ஒன்றல்ல, மூன்று மேடுகள் எழுந்தன. அவற்றின் பரப்பு 3:2:1 என்ற விகிதத்தில் இருந்தது. எதனோலின் ஆறு ஐதரசன்களும் தத்தம் சூழலுக்கேற்ப மூன்று கூட்டங்களாகப் பிரிந்து நின்றன! மூவருள் ஒருவரான தர்மட்டி இந்தியர். பின்னர் பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையை வளர்த்தவர் அவர்.

மேட்டின் இடம் அந்த ஐதரசனின் சூழலைச் சொல்லும்; பரப்பு எண்ணிக்கையைச் சொல்லும்; மேடு எத்தனை கிளையாகப் பிளந்துள்ளது என்பது அயலில் எத்தனை ஐதரசன்கள் உள்ளன என்பதைச் சொல்லும்.

இக்கணக்கைத் தியாபிளாவினிற் போட்டுப் பார்த்தால் அதன் அழகு விளங்கும். அதில் 29 காபன், 24 ஐதரசன், 12 ஒட்சிசன் அணுக்கள் உள. ஐதரசன்களில் 9 ஒட்சிசனோடு பிணைந்தவை. கனநீர் சிறிது சேர்த்தால் அவற்றின் மேடுகள் மறைந்துவிடும். எஞ்சிய 15 காபனோடு பிணைந்தவை. பச்சைக் கொழுந்திலுள்ள கற்றெச்சின் என்னும் பொருள்களில் இரண்டு சேர்ந்தே இது பிறந்தது என்பதற்கு அவற்றுள் 12 சான்று பகர்கின்றன. இரு பாதிகளும் பெரும்பாலும் பழைய உருவிலேயே உள்ளன. மிஞ்சிய 3 தான் புதுமை. அவை கற்றெச்சினின் ஐதரசன்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி, நிறமாலையின் வேறொரு பகுதியில் தோன்றின. இரண்டு மூலக்கூறுகள் வெறும் ஒரு பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருந்தால் இவ்வாறு தோன்றா. ஆறு காபன் வளையத்தோடு ஏழு காபன் வளையம் ஒன்று ஒட்டிய அமைப்பில்தான் அது நிகழும். செந்நிறமும் அந்த இரட்டை வளையத்தினதே. பைரோகலோலை ஒட்சியேற்றிப் பெறும் பர்ப்புரோகலின் என்னும் செம்பொருளிலும் இதே வளையமுண்டு.

ஜப்பானியரான தக்கினோ குழுவினர் 1964 இல் இந்த உறவைச் சுட்டினர். 1965 இல் அவரும் வேறு சிலரும் கட்டமைப்பை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் ஒல்லிஸ் குழுவினரும் அதே முடிவை அறிவித்தனர். பதினைந்து காபன் கொண்ட இரண்டு சேர்ந்தும் முப்பது வராமல் இருபத்தொன்பது வந்த புதிரும் அவிழ்ந்தது. வளையம் உருவாகும்போது ஒரு காபன் காபனீரொட்சைட்டாக வெளியேறிவிடுகின்றது. கந்தப்பளை ஸ்டோர்களின் காற்றில் அது நெடுங்காலமாகக் கலந்துகொண்டேயிருந்தது.

ஆயினும் தியாபிளாவின் வகைகள் உலர்ந்த கறுப்புத் தேயிலையிற் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டுவதில்லை. தியாரூபிகின் என்னும் கபிலப் பொருட் கூட்டம் அதனிலும் பன்மடங்கு. அதனைச் சோதித்தால் தெளிந்த மேடுகள் எழுவதில்லை. பனி மூடிய மலைபோலப் பரந்த புடைப்புகளே தெரிகின்றன. எண்ணிறந்த மூலக்கூறுகளின் கலவையாதலின் அதன் முழுக் கட்டமைப்பு இன்றும் தீர்க்கப்படவில்லை. கொழுந்தை வேண்டிய நேரத்துக்கு மேல் பரப்பி வைத்தால் தியாபிளாவின் குறைந்து இந்தக் கபிலம் மிகும், தேநீர் மங்கும். அந்த எல்லைக்கு முன்பே இலையைச் சூட்டில் இட வேண்டிய கணத்தை, காந்தமும் வரைபடமும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஸ்டோரின் டீமேக்கர்மார் இலையைக் கையில் அள்ளி முகர்ந்து கண்டுகொண்டிருந்தனர்.