பெயர் எழுதாத தெரு

அந்தக் கணினி அறையின் சுவரில் தொங்கிய தமிழ்நாட்டு வரைபடத்தில் தென்காசி மாவட்டம் இல்லை. மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22. வரைபடம் அதற்கு மூத்தது. "நாம எந்த மாவட்டத்துல இருக்கோம்?" என்று கேட்டேன். "திருநெல்வேலி சார்" என்றான் முதல் பெஞ்சுக்காரன். "போலே, தென்காசி" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

2025 ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போனவனை விடாமல் பிடித்துக்கொண்டார், அங்கே சமூக அறிவியல் நடத்தும் என் பள்ளித் தோழர். "நீதான் மேப் கம்பெனில இருக்கியே, ஒன்பதாங் கிளாஸ் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்துட்டுப் போ." நான் எழுதுவது டெலிவரி வண்டிகளுக்கு வழி சொல்லும் மென்பொருள். அதை அவருக்கு விளக்குவதைவிட வகுப்புக்குப் போவது எளிது.

என்ன பேசலாம் என்று முந்தின இரவு தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் சீட் கிடைக்காதா என்று ஏங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, தொடக்கத்தில் வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்த ஒரு வகுப்பறை. 1794 மே மாதம், சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த மைக்கேல் டாப்பிங் எட்டுப் பையன்களை வைத்து அந்த நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். பையன்கள் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். கம்பெனியின் கைக்குப் புதிது புதிதாக நிலம் வந்துகொண்டிருந்த காலம். அளக்க ஆள் இல்லை. இங்கிலாந்திலிருந்து வரும் அதிகாரிக்குச் சம்பளம் கட்டுபடியாகாது. கேட்க நாதியில்லாத பையனுக்குக் கணக்கும் சங்கிலி பிடிக்கவும் கற்றுக்கொடுத்தால் செலவு குறைவு. தென்னிந்தியாவில் புவியியல் தொழில்நுட்பக் கல்வி இப்படித்தான் ஆரம்பித்தது. நம் ஊர் ஐ.டி. நிறுவனங்கள் ஃப்ரெஷர் எடுக்கும் கணக்கும் ஏறக்குறைய இதுதான் என்று தோன்றியது. அதை வகுப்பில் சொல்லவில்லை.

டாப்பிங் 1796இல் இறந்துவிட்டார். பையன்கள் வளர்ந்து மாவட்டம் மாவட்டமாகப் போனார்கள். மைசூர் நிலப்பகுதியை அளந்த காலின் மெக்கன்சிக்கு உதவியாளர்களாக இருந்தவர்களில் இந்தப் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் திருநெல்வேலிச் சீமையை அளந்து விவரக்குறிப்பு எழுதிய தாமஸ் டர்ன்புல்லும் அந்தப் பள்ளியின் வழி வந்தவர்தான். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799இல், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது 1801இல். அந்தப் புழுதி அடங்குவதற்குள் சங்கிலியும் திசைகாட்டியும் வந்துவிட்டன. எந்தப் பாளையம் எங்கே முடிகிறது, எந்தக் குளம் எத்தனை வயலுக்குப் பாயும் என்று தெரிந்தால்தானே வரி போட முடியும்.

வில்லியம் லாம்டன் செய்தது வேறு வேலை. பரங்கிமலைப் பக்கத்தில் 1802 ஏப்ரல் 10 அன்று நூறு அடி எஃகுச் சங்கிலியை வைத்து ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். முடிக்க 57 நாள் ஆனது. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே நகர்ந்தார்கள். சமவெளியில் மலை இல்லாத இடத்தில் கோபுரம்தான் மலை. 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து தட்டி நிமிர்த்தினார். மறு ஆண்டு பாளையங்கோட்டைப் பக்கம் இன்னொரு அடிக்கோடு அளந்தார்கள்.

இதைச் சொன்னபோது பையன்கள் கேட்டது ஒரே கேள்வி: "கோபுரத்துல ஏறவிட்டாங்களா சார்?" சுலபமாக விட்டிருக்க மாட்டார்கள். உயரத்திலிருந்து தூரநோக்கியை வைத்து வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்று அளவைக்காரர்கள் போன இடமெல்லாம் சந்தேகம் இருந்தது. மேலே நின்று ஒருவன் பார்க்கிறான் என்றால் கீழே இருப்பவனுக்குப் பயம் வரத்தான் செய்யும்.

பிறகு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்தோம். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு போட்டு, பெயர் எழுதி, உலகத்துக்குச் சேமிக்கலாம். நம் நாட்டிலோ, இந்திய நிறுவனங்கள் முன்அனுமதி வாங்காமலே வரைபடம் தயாரிக்கலாம் என்ற நிலை 2021 பிப்ரவரி 15 வழிகாட்டுதல்களுக்குப் பிறகுதான் வந்தது. டாப்பிங்கின் பையன்கள் போட்ட வரைபடம் கம்பெனியின் சொத்து. அளந்தவன் ஒரு பிரதியைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. அந்த வேலை இப்போது ஒன்பதாம் வகுப்பின் மவுஸில்.

எல்லாரும் முதலில் தேடியது அவரவர் வீட்டு மொட்டைமாடி. அடுத்தது பிரியாணிக் கடை. ஒருவன் நெற்கட்டும்செவலுக்குப் போய், பூலித்தேவன் சங்கரன்கோவில் கோவிலுக்குள் போய் மறைந்ததாகச் சொல்கிறார்களே, அது எந்த வாசல் வழியாக என்று கேட்டான். கோவிலைச் சுற்றிய தெருக்களை ஒரு குழு வரைந்தது. பழைய ஆவணங்களில் ஊர்ப்பெயர் சங்கரநயினார்கோவில் என்றிருப்பதைக் காட்டினேன். "அப்ப நயினார எப்ப சார் தூக்குனாங்க?" என்றாள் ஒருத்தி. ஆசிரியர் சிரித்துவிட்டார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் தன் தெருவை மிக அழகாக வரைந்திருந்தாள். வளைவு, அடிபம்பு, வேப்பமரத்தடி மேடை, முட்டுச்சந்து எல்லாம் சரியாக இருந்தன. பெயர்ப் பெட்டி மட்டும் காலி. பெயர் தெரியாதாக்கும் என்று நினைத்து விசைப்பலகையை இழுத்தேன்.

"வேண்டாம் சார். போடாதீங்க."

"ஏம்மா?"

பக்கத்துப் பையன் உதவ வந்தான். "அது காலனி சார்."

வகுப்பு ஒரு கணம் அமைதியானது. ஆசிரியர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தலை குனிந்தது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆவணத்திலிருந்து எடுக்கலாம், பக்கத்துப் பெஞ்சிலிருந்து எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

எனக்குப் பதில் வரவில்லை. வரைபடத்தில் இடம் கிடைப்பது நல்லது, விடுபட்டவர்களைச் சேர்ப்பதே ஜனநாயகம் என்றுதான் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். ஆம்புலன்சுக்கு வழி தெரியும், கொரியர் வரும் என்றெல்லாம் ஸ்லைடு போட்டிருக்கிறேன். வேலைக்கு மனுப் போடும்போது முகவரியைப் படிக்கிறவன் முகம் மாறும் என்பதற்கு ஸ்லைடு இல்லை. சங்கிலியோடு வந்தவனிடம் குளத்தின் பெயரைச் சொல்லத் தயங்கிய 1800களின் குடியானவனுக்கும் இவளுக்கும் தெரிந்திருந்த ஒன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நீங்க அதுக்கு என்ன பேரு சொல்லுவீங்க?" என்று ஆசிரியர் மெதுவாகக் கேட்டார்.

"நாங்க சும்மா 'வீட்டுக்கு'ன்னுதான் சார் சொல்லுவோம்."

சேமிக்கும் முன் மரத்துக்கு ஒரு புள்ளி வைக்கலாமா என்று கேட்டாள். வைத்தாள். வகையில் 'மரம்' என்றும், இனத்தில் 'வேம்பு' என்றும் தட்டச்சு செய்தாள்.

பெங்களூர் வந்த பிறகு அவ்வப்போது அந்த இடத்தைத் திறந்து பார்க்கிறேன். கோடு இருக்கிறது, பெயர் இல்லை. பெயரில்லாத தெருக்களைப் பிழையென்று பட்டியலிட்டுச் சிவப்பில் காட்டும் நிரல் ஒன்று எங்கள் அலுவலகத்தில் உண்டு. நான் எழுதியதுதான். அதில் இன்னும் ஒரு வரியைச் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.