நாட்குறிப்பு நாவலாகும் வழி: ஹிரோஷிமாவின் 'கறுப்பு மழை'யும் புதுச்சேரி முற்றுகைகளும்

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று எண்ணாயிரத்தை அடுத்து, சோழர் காலக் கோயில்களோடு இருப்பது. மற்றது திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் வழியாக மரக்காணம் போகும் பக்கத்தில் இருப்பது. எண்ணாயிரத்துக் கல்வெட்டு முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்லூரி ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. மாணவர் 340 பேர். இளைய மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். ஆயிரம் ஆண்டு கழிந்தும் அந்த நெல்லளவு நமக்குத் தெரிகிறது. இதே வட்டாரத்தில் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மைசூர்ப் படையும் மாறி மாறிப் புகுந்தன. அப்போது எந்தத் தெருவில் அடுப்பு எரியாமல் போனது, எந்தக் குடும்பம் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனது என்று சொல்ல ஒரு வரி கிடையாது. கோட்டை விழுந்த தேதி இருக்கிறது. தளபதியின் பெயர் இருக்கிறது.

ஆயுதம் எடுக்காதவர் போரில் பட்ட பாடு எழுத்துக்குள் எப்படி வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு மிகத் தெளிவான சான்று ஹிரோஷிமாவில் கிடைக்கிறது. அதை அருகில் வைத்துப் பார்த்தால், நம் பக்கத்துப் புதுச்சேரியில் நடந்ததும் புரிகிறது. நமக்குக் கிடைக்காமல் போனது எது என்பதும் புரிகிறது.

எழுதக் கூடாது என்ற ஆண்டுகள்

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. ஹிரோஷிமாமேல் அணுகுண்டு விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்பது ஏற்கப்பட்ட மதிப்பீடு. அடுத்த மாதமே அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் பத்திரிகைத் தணிக்கையைக் கொண்டுவந்தது. குண்டைப் பற்றிய முதல் எழுத்துகள் அந்தத் தணிக்கையின் கீழ்தான் பிறந்தன. எழுத்தாளர் ஹரா தமிகி குண்டு விழுந்தபோது ஊருக்குள் இருந்தார். தப்பியோடிய நிலையிலேயே ஒரு குறிப்பேட்டில் கண்டதை எழுதிக்கொண்டார். அதிலிருந்து பிறந்த 'கோடைப் பூக்கள்' 1947இல் வெளியானது. ஓட்டா யோகோ 1945 இலையுதிர்காலத்திலேயே 'பிணங்களின் நகரம்' எழுதி முடித்தார். சாவு தனக்கும் வரும் என்ற அச்சத்தோடு எழுதிய புத்தகம் அது. 1948இல் அது வெட்டுப்பட்டு வெளிவந்தது. முழுப் பிரதி 1950இல்தான் வந்தது.

இந்த இருவரும் குண்டு விழுந்தபோது ஊருக்குள் இருந்தவர்கள். அவர்கள் எழுத்தில் இருப்பது நேர்ச்சாட்சி. நாவல் என்ற வடிவம், சம்பவத்திலிருந்து சற்று விலகி நின்று, அன்றாட வாழ்க்கையையும் அதன் அபத்தங்களையும் சேர்த்துச் சொல்லும் வடிவம், வந்துசேர இருபது ஆண்டுகள் பிடித்தன. அதை எழுதியவரோ குண்டு விழுந்தபோது ஹிரோஷிமா நகரில் இல்லாதவர்.

இபுசே மசுஜி 1898இல் ஹிரோஷிமா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1941 இறுதியில் ராணுவம் அவரைக் கட்டாயமாகச் சேர்த்தது; 1942இல் அவர் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே ஜப்பானியர் நடத்திய ஆங்கில நாளேடான 'சியோனான் டைம்ஸ்' அவர் பொறுப்பில் இருந்தது. அதே போர்க்காலத் தென்கிழக்காசியாவில்தான் ப. சிங்காரமும் இருந்தார், அந்த நாட்களிலிருந்துதான் 1972இல் 'புயலிலே ஒரு தோணி' வந்தது. ஆக்கிரமித்த படையோடு வந்த ஒருவரும், ஆக்கிரமிக்கப்பட்ட ஊர்களில் பிழைத்த தமிழர் ஒருவரும் ஒரே போரைச் சுமந்துகொண்டிருந்து, பல்லாண்டு கழித்தே நாவலாக்கினார்கள். இவ்விருவரையும் சேர்த்துப் படிக்கும் ஒப்பாய்வு தமிழில் வர வேண்டும்.

இன்னொருவரின் குறிப்பேடு

இபுசேயின் நாவல் 'கறுப்பு மழை' 1965 ஜனவரி முதல் 1966 செப்டம்பர் வரை 'ஷின்சோ' இதழில் தொடராக வந்தது. தொடக்கத்தில் அதன் தலைப்பு 'மருமகளின் திருமணம்'. பாதி வழியில்தான் மாறியது. 1966இல் நோமா பரிசு பெற்றது. 1989இல் இமாமுரா ஷோஹெய் அதைப் படமாக்கினார்.

கதை எளிமையானது. ஹிரோஷிமாவிலிருந்து 160 கிலோமீட்டர் தள்ளி கோபத்தகே என்ற கிராமம். அங்கே ஷிசுமா ஷிகெமாட்சு என்ற நடுத்தர வயதுக்காரர். வீட்டில் கல்யாண வயதில் யசுக்கோ என்ற மருமகள், மகள் போன்றவள். வரன் வருகிறது, குண்டு விழுந்த ஊரில் இருந்தவளாமே என்ற பேச்சும் கூடவே வருகிறது, வரன் போய்விடுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் காரணம் சொல்லாமல் எழுந்து போவதன் வலி நம் ஊர் வீடுகளுக்குப் புதிதல்ல. அவள் குண்டு விழுந்த நேரத்தில் ஊருக்குள் இல்லை என்று நிரூபிக்க, அவளுடைய நாட்குறிப்பைப் படியெடுக்கத் தொடங்குகிறார் ஷிகெமாட்சு. கூடவே தன் நாட்குறிப்பையும் எழுதிச் சேர்க்கிறார். எழுத எழுத உண்மை எதிர்த்திசையில் வெளிப்படுகிறது. குண்டுக்குப் பின் கதிர்வீச்சோடு பெய்த கறுப்பு மழை அவள்மேலும் விழுந்திருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் கறை போகவில்லை. காப்பாற்ற எடுத்த ஏடே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

நாவலில் ஒரு பகுதியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஷிகெமாட்சு வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆட்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஓதுவதற்குப் புத்தபிக்கு கிடைக்கவில்லை. மேலாளர் இவரைக் கூப்பிட்டு, ஏதாவது ஒரு கோயிலுக்குப் போய் இறந்தவர்க்குரிய பாடங்களை எழுதிக்கொண்டு வா, நீயே ஓது என்கிறார். தனக்கு அந்தத் தகுதி இல்லையே என்று தயங்கியபடியே இவர் போகிறார். முதிய பிக்கு ஒருவரிடம் எழுதி வாங்கி வருகிறார். ஒவ்வொரு உடலுக்கும் முன்னால் ஏட்டைப் பார்த்துப் படிக்கிறார். சில நாட்களில் பழகிவிடுகிறது. அழுகைக் காட்சி ஒன்றும் அங்கே எழுதப்படவில்லை. அலுவலக எழுத்தர் ஒருவர் அலுவலக வேலையைப் போலவே சாவையும் பார்த்து முடிக்கிறார். ஒரு நகரம் தன் சடங்குகளையும் இழந்துவிட்டது என்பதை இதைவிட வலுவாக எழுதிய பக்கங்களை நான் படித்ததில்லை.

இப்பக்கங்களின் மூலம் எங்கே இருக்கிறது? ஷிகெமாட்சு ஷிசுமா என்ற உண்மை மனிதர் தம் நாட்குறிப்பை இபுசேயிடம் கொடுத்தார். இபுசே குடும்பப் பெயரையும் இயற்பெயரையும் முன்பின்னாக மாற்றிக் கதைமாந்தருக்கு வைத்தார். இவாத்தகே என்ற மருத்துவரின் அனுபவக் குறிப்பும் நாவலுக்குள் வந்தது. பின்னாளில் இது இரவல் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2001இல் அந்த நாட்குறிப்பே தனி நூலாக அச்சேறியதும் விவாதம் கூர்மையடைந்தது. என் முடிவு வேறு. கூட்டத்தில் ஒருவராக இருந்தவர் எழுதிவைத்ததைத் தூக்கி நிறுத்த ஒரு நாவலாசிரியர் தேவைப்பட்டார். நாட்குறிப்பு இல்லாமல் நாவல் இல்லை. நாவல் வந்திருக்காவிட்டால் அந்த நாட்குறிப்பை உலகம் தேடிப் போயிருக்காது. வரன் தேடும் குடும்பம், மீன் வளர்க்கும் நண்பர்கள், அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசும் ஊர்ப்பெண் என்று குண்டுக்குப் பிந்தைய ஆண்டுகளை அந்த ஏட்டைச் சுற்றிக் கட்டியது இபுசேயின் கை.

புதுச்சேரியில் ஒரு ஏடு

நம் பக்கத்தில் அப்படியொரு ஏடு இரு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் வரை எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி, வணிகர். ஆண்டு, மாதம், கிழமை, நாழிகை என்று குறித்து, கண்டதையும் கேட்டதையும் பேச்சுத் தமிழில் எழுதினார். 1846இல் கலுவா மோம்ப்ரேன் இதைக் கண்டெடுத்தார். 1904க்கும் 1928க்கும் இடையில் சென்னை அரசு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது.

1748இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது பிள்ளை ஊருக்குள்தான் இருந்தார். குண்டுகள் விழுவதும், மக்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறுவதும், செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் அதில் பதிவாகியிருக்கின்றன. அதே முற்றுகையை எழுதிய ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம், கப்பல்களின் பீரங்கித் தாக்குதல் எவ்வளவு பயனற்றுப் போனது என்று காட்ட, அதனால் தெருவில் இறந்தது ஏழைக் கிழவி ஒருத்தி மட்டுமே என்கிறார். தமிழ்க் கிழவி. அவள் பெயர் இல்லை, தெரு இல்லை. பீரங்கியின் தோல்வியை அளக்க மட்டும் அவள் சாவு பயன்பட்டிருக்கிறது.

இதைவிடக் கொடியது 1760. ஜனவரியில் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி பின்வாங்கினார். ஆங்கிலத் தளபதி அயர் கூட் பெருமுக்கல் உட்படச் சுற்றுக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தார். உணவு தீர்ந்த நவம்பர் இறுதியில், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக சுமார் 1,400 தமிழ்க் குடிகளை லாலி ஊரைவிட்டுத் துரத்தினார். ஆங்கிலேயர் வழிவிடவில்லை. திரும்பி வந்தவர்களைப் பிரெஞ்சுக்காரர் உள்ளே விடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே ஒரு வாரம் புல்லின் வேரைத் தின்று கிடந்தார்கள். பிறகுதான் கூட் போக அனுமதித்தார். அவர்கள் போயிருக்கக்கூடிய திசைகளில் விழுப்புரமும் திண்டிவனமும் இருக்கின்றன. எந்த ஊர் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது? இந்த 1,400 பேரில் ஒருவருடைய ஏடும் நமக்குக் கிடைக்கவில்லை. பிள்ளை இறந்த சில நாட்களில் புதுச்சேரி சரணடைந்தது. வென்றவர்கள் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

பிள்ளையின் ஏடு நாவலாக ஏறத்தாழ 230 ஆண்டுகள் ஆயின. புதுச்சேரியில் 1945இல் பிறந்த பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரு நாவல்களை அதிலிருந்து உருவாக்கினார். இரண்டாவது 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இபுசே செய்ததும் இதுவே என்றாலும் ஒரு வேறுபாடு முக்கியமானது. நாட்குறிப்பு எழுதிய ஷிகெமாட்சு கூட்டத்தில் ஒருவர். அவர் குறிப்பேட்டிலேயே பசியும் புண்ணும் இருந்தன. பிள்ளையோ அதிகாரத்தின் வாசலில் நின்றவர். ஆளுநரின் அறையில் நடந்தது அவருக்குத் தெரியும், சேரியில் நடந்தது காதில் விழுந்த அளவே தெரியும். ஆகவே பிரபஞ்சன் தம் மூலத்துக்கு வெளியே போக வேண்டியிருந்தது. தாசிகளையும் எளிய குடிகளையும் அவர் கற்பனையால் முன்னே கொண்டுவந்தார். வரலாற்று நாவல் என்றால் அரண்மனை என்றிருந்த தமிழில் இது பெரிய திருப்பம். ஆயினும் அந்தப் புல்வேர் தின்ற வாரத்துக்கு உரிய நாவல் இன்னும் எழுதப்படவில்லை.

ஏடு உரிமையாகும்போது

எழுதிவைப்பது இலக்கியத்துக்கு மட்டும் உதவும் காரியம் என்று நினைக்க வேண்டாம். 1976இல் ஜப்பான் அரசு கறுப்பு மழை கனமாகப் பெய்த பகுதிக்கு ஒரு கோடு வரைந்தது. கோட்டுக்கு வெளியே நனைந்தவர்களுக்கு மருத்துவ உதவி மறுக்கப்பட்டது. 2020 ஜூலையில் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம் கோட்டுக்கு வெளியே இருந்த 84 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றது. 2021இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நனைந்தவர்களின் வாக்குமூலங்கள் அரசின் கோட்டைத் தாண்டின. அணுகுண்டுக்குத் தப்பியோரின் அமைப்பான நிகோன் ஹிடான்கியோவுக்கு 2024இல் அமைதி நோபல் கிடைத்தபோது குறிப்பிடப்பட்டதும் அவர்களுடைய சாட்சியத்தைத்தான்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. கணக்குப்பிள்ளை குடும்பங்களின் ஓலைக்கட்டுகள், 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் கடிதங்கள், அதே ஆண்டு குண்டுக்குப் பயந்து சென்னையைக் காலி செய்து வந்தவர்களின் குறிப்பேடுகள் என்று எதுவும் பரணில் கிடக்கலாம். அவற்றை எடைக்குப் போடாதீர்கள். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கோ சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கோ தெரியப்படுத்துங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.