கீலா: கூடாரம் போட்டுத் தங்கலாம், குடியிருக்க முடியாது

அமெரிக்க மலைக்காடுகளில் "பிரிமிட்டிவ் கேம்ப்கிரவுண்ட்" என்று ஒரு வகை உண்டு. சுருக்கமாகச் சொன்னால், வசதி எதுவும் இல்லாத முகாமிடம். குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, காவலாளி இல்லை, பெரும்பாலும் கட்டணமும் இல்லை. ஒரு குழிக் கழிப்பறை இருந்தாலே அதிகம். நம்மூரில் இப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் காண்ட்ராக்டர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார் என்றுதான் நினைப்போம். அங்கேயோ இந்த இல்லாமை, யோசித்து, கையெழுத்துப் போட்டு, பிறகு சட்டமும் போட்டு உண்டாக்கப்பட்டது. ஒன்றுமே இல்லாத இடத்தை உண்டாக்க அரசாங்கம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கீலா காட்டில்தான் போய் நிற்போம்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். நியூ மெக்சிகோவின் தென்மேற்கில் சில்வர் சிட்டி என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து வடக்கே சுமார் 44 மைல் போனால் கீலா ஆற்றின் தலைப்பகுதி. 44 மைல்தானே என்று கிளம்பக்கூடாது, மலைப்பாதை வளைந்து வளைந்து போவதால் காரில் கிட்டத்தட்ட 2 மணி நேரம் ஆகும். பாதை முடியும் பகுதியில் ஆற்றங்கரையில் ஃபோர்க்ஸ், கிரேப்வைன் என்று இரண்டு சின்ன முகாமிடங்கள் இருக்கின்றன. தங்கக் கட்டணம் கிடையாது. குடிநீரும் கிடையாது. கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் ஆற்று நீரை வடிகட்டியோ கொதிக்க வைத்தோ குடிக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டால் ஆறு திடீரென்று பெருகும், அதனால் தாழ்ந்த கரையில் கூடாரம் போடுவது ஆபத்து. கரடி நடமாட்டம் உண்டு, சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்கக்கூடாது. அக்கம்பக்கத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. ஆனால் மூக்கு வழியாக மூளைக்குப் போகும் ஒருவகை அமீபா அந்த நீரில் இருக்கலாம் என்பதால், தலையை முக்காதீர்கள் என்று வனத்துறை எச்சரிக்கிறது. இன்னொரு விதி: 14 நாள்தான் தங்கலாம். அதற்குமேல் இருந்தால் அது குடியிருப்பு.

இந்த 14 நாள் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முகாமிடங்களிலிருந்து சில மைல் தூரத்தில் பாறைக் குகைகளுக்குள் கட்டிய வீடுகள் இருக்கின்றன. மொகொயோன் என்று இன்று அழைக்கப்படும் மக்கள் கட்டியவை. கூரையில் போட்ட மரங்களின் வளையங்களை எண்ணி, அந்த மரங்கள் 1276-க்கும் 1287-க்கும் இடையில் வெட்டப்பட்டவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 40-க்கும் மேற்பட்ட அறைகள். ஓரிரு தலைமுறை வாழ்ந்துவிட்டு 1300 வாக்கில் அவர்கள் கிளம்பிப் போனார்கள். 1907-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இந்த வீடுகளைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்.

அவர்களுக்குப் பின் இது அபாச்சே மக்களின் நாடானது. புகழ்பெற்ற ஜெரோனிமோ இந்தத் தலைப்பகுதியில்தான் பிறந்தார் என்று பலர் சொல்வதுண்டு. அவருக்கு முந்தைய பெருந்தலைவர் மங்காஸ் கொலராடாஸ். 1863 ஜனவரியில், வெள்ளைக்கொடியை நம்பிப் பேச்சுவார்த்தைக்கு வந்தவரைப் பிடித்து, காவலில் வைத்தே சுட்டுக் கொன்றார்கள். 1886 செப்டம்பர் 4 அன்று ஜெரோனிமோ சரணடைந்தார். அவரோடு சிரிகாவா அபாச்சேக்கள் எல்லோரையும், பெண்கள் குழந்தைகள் உட்பட, ரயிலில் ஏற்றி ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அமெரிக்க ராணுவத்துக்கே வழிகாட்டிகளாக வேலை பார்த்த அபாச்சேக்களையும் விட்டுவைக்கவில்லை. ஃபுளோரிடா, அலபாமா, பிறகு ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் என்று 27 வருடம் போர்க்கைதிகளாக இருந்தார்கள். ஜெரோனிமோ 1909-ல் கைதியாகவே இறந்தார். மற்றவர்கள் 1913-ல்தான் விடுதலை ஆனார்கள்.

அவர்கள் ரயிலேறி 13 வருடம் கழித்து, 1899-ல் கீலா ஒரு அரசுக் காப்புக்காடு ஆனது.

இப்போது கதைக்குள் ஆல்டோ லியோபோல்ட் வருகிறார். 1909-ல் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் முடித்த கையோடு தென்மேற்குக் காடுகளுக்கு வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது 22, கிட்டத்தட்ட நம் வயதுதான். அப்போது அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் சாலையே இல்லாத, தலா 5 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட ஆறு பெரும் மலைப்பகுதிகள் இருந்தன. 1920-களில் ஐந்துக்குள் சாலை புகுந்துவிட்டது. மிச்சம் இருந்தது கீலாவின் தலைப்பகுதி மட்டும்.

சாலைகள் பெருகியதற்குக் காரணம் கார். ஃபோர்டு மாடல் டி 1908-ல் வந்தபோது விலை 850 டாலர், 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. சாதாரண குடும்பங்கள் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போக ஆரம்பித்தன. நல்ல விஷயம்தான். ஆனால் மனம் போன இடத்தில் காரை நிறுத்தியதில் மண் இறுகி, வேர் நசுங்கி, எந்த மரத்து நிழலைத் தேடி வந்தார்களோ அந்த மரமே பட்டுப்போனது. எமிலியோ மைனெக்கே என்ற தாவர நோயியலாளர் இதை ஆராய்ந்து 1932-ல் ஒரு தீர்வு சொன்னார்: ஒருவழிப் பாதை, கார் நிறுத்த ஒரு குறித்த இடம், அசையாத மேசை, அசையாத அடுப்பு. 1933 முதல் 1942 வரை வேலையில்லா இளைஞர்கள் சுமார் 30 லட்சம் பேருக்கு வேலை கொடுத்த சிசிசி திட்டத்தில், இந்த மாதிரியில் நாடு முழுக்க முகாமிடங்கள் கட்டப்பட்டன. இன்று நாம் படங்களில் பார்க்கும் ஒழுங்கான அமெரிக்க முகாமிடம் இதன் வாரிசு.

லியோபோல்டின் யோசனை வேறு திசையில் போனது. எல்லா இடத்தையும் ஒழுங்குபடுத்த வேண்டாம், சில இடங்களைத் தொடாமலே விட்டுவிடலாம் என்றார். 1921-ல் வனவியல் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் இதற்கு அளவும் கொடுத்தார்: குதிரையில் மூட்டை கட்டிக்கொண்டு இரண்டு வாரம் பயணம் போகும் அளவுக்குப் பெரிய நிலம், உள்ளே சாலையோ மாளிகையோ இல்லாமல். இரண்டு வாரம் என்றால் 14 நாள்! முகாமிட விதிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. காட்டை "போய்விட்டுத் திரும்பும் இடம்" என்று பார்க்கும் மனம் இரண்டிலும் ஒன்றே.

வணிகவியல் படிக்கிறவனுக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது அவர் சொன்ன கணக்கு. கீலா செங்குத்தான மலை, அங்கே சாலை போட்டு மரம் எடுப்பது எப்படியும் கட்டுபடியாகாது. மாடு மேய்ப்பவர்கள் வழக்கம்போல மேய்க்கலாம். ஆக, இந்த நிலத்தை அப்படியே விடுவதன் வாய்ப்புச் செலவு மிகக் குறைவு. உணர்ச்சியாகப் பேசியிருந்தால் மேலதிகாரிகள் கேட்டிருப்பார்களா, சந்தேகம்தான். 1924 ஜூன் 3 அன்று வட்டார வன அதிகாரி ஃபிராங்க் பூலர் ஒப்புதல் கொடுத்தார். சுமார் 7.55 லட்சம் ஏக்கர், இப்படிப் பாதுகாக்கப்பட்ட உலகின் முதல் வனாந்தரம் என்று பெயர் பெற்றது. 1929-ல் வனத்துறை இந்த வகை நிலங்களுக்கு நாடு முழுவதற்குமான விதியை வகுத்தபோது "பிரிமிட்டிவ் ஏரியா" என்றே பெயரிட்டது.

பிறகு நடந்தது பெரிய முரண். கால்நடைகளைக் காப்பாற்ற ஓநாய்களை அரசே கொன்று தீர்த்துக்கொண்டிருந்தது. இளம் லியோபோல்டும் அதை ஆதரித்தவர்தான். ஓநாய் போனதும் மான் பெருகியது. மானைக் குறைக்க வேட்டைக்காரர்கள் உள்ளே வரவேண்டும், அவர்கள் வரச் சாலை வேண்டும். 1930 வாக்கில் நார்த் ஸ்டார் சாலை காட்டை இரண்டாகப் பிளந்தது. சாலையே வேண்டாம் என்று காப்பாற்றிய நிலத்தில், அவரே ஆதரித்த கொள்கையின் விளைவாகச் சாலை வந்தது! கிழக்குத் துண்டுக்கு 1980-ல் அவர் பெயரையே வைத்தார்கள். மெக்சிகன் ஓநாய்களை 1998-லிருந்து இந்த மலைத்தொடர்களில் மறுபடி கொண்டுவந்து விடுகிறார்கள்.

ஓர் அதிகாரியின் கையெழுத்தை இன்னோர் அதிகாரி அழித்துவிடலாம் என்பதால் சட்டம் தேவைப்பட்டது. ஹோவர்ட் ஜானிசர் என்பவர் பல ஆண்டுகள் உழைத்து வரைவை எழுதினார். 1964 மே மாதம் அவர் இறந்துபோனார். நான்கே மாதம் கழித்து, செப்டம்பர் 3 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் வனாந்தரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதலில் 91 லட்சம் ஏக்கர், இன்று சுமார் 11 கோடி ஏக்கர். எல்லைக்குள் வண்டி கூடாது, மிதிவண்டிகூடக் கூடாது. பாதையில் மரம் விழுந்தால் வன ஊழியர்கள் பெரும்பாலும் கைரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். மனிதன் அங்கே வந்து போகிறவன், தங்கிவிடுகிறவன் இல்லை என்ற கருத்தும் சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு நெருடுகிறது. தங்கியவர்கள் இருந்தார்களே? அவர்களை ரயிலேற்றி அனுப்பியதால்தானே அது "யாரும் தங்காத இடம்" ஆனது? வில்லியம் குரோனன் என்ற வரலாற்றாசிரியர் 1995-ல் இதைக் கேட்டபோது சூழலியலாளர்கள் பலருக்குக் கோபம் வந்தது. கேள்வி நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் வனாந்தரமே பித்தலாட்டமா? அந்த முடிவுக்கும் என்னால் வரமுடியவில்லை. காரணம் சில்வர் சிட்டிக்குக் கிழக்கே சாண்டா ரீட்டாவில் இருக்கும் செப்புச் சுரங்கம். அதுவும் அபாச்சே நிலம்தான். 1910-ல் திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். பள்ளம் பெரிதாகிப் பெரிதாகி கடைசியில் சாண்டா ரீட்டா என்ற ஊரையே விழுங்கிவிட்டது. ஒரே மக்களிடமிருந்து எடுத்த நிலம், ஓரிடத்தில் பள்ளமானது, இன்னோரிடத்தில் ஆறும் காடுமாக மிஞ்சியது. லியோபோல்டும் ஜானிசரும் இல்லாவிட்டால் கீலா அபாச்சேக்களிடம் திரும்பப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. இன்னும் நாலு சாலை வந்திருக்கும், அவ்வளவுதான்.

கணக்கு முழுதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். கீலா வனாந்தரம் இன்று சுமார் 5.58 லட்சம் ஏக்கர். ஃபோர்ட் சில் அபாச்சேக்களுக்கு நியூ மெக்சிகோவில் 2011-ல் ஒதுக்கீட்டு நிலமாக அறிவிக்கப்பட்டது 30 ஏக்கர், அதுவும் மலையில் இல்லை, நெடுஞ்சாலை ஓரத்தில். இந்த இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதாத எந்த ஐந்தொகையும் சரிக்கட்டாது.

நண்பர்களில் யாராவது மேல்படிப்புக்கு அந்தப் பக்கம் போனால் கட்டாயம் ஓர் இரவு அங்கே தங்குங்கள். தண்ணீர் கொண்டு போங்கள், குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள். காலையில் கூடாரத்தைப் பிரிக்கும்போது, பிரித்துக்கொண்டு போக விருப்பமில்லாமல் போனவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.