வருமுன் காத்தல்: புதுக்கோட்டை மண்ணிலிருந்து தொடங்கிய ஒரு வரலாறு

நோயின் அறிகுறி எதுவும் தெரியாத நிலையிலேயே உடலைப் பரிசோதித்து, நோயைத் தொடக்கத்தில் கண்டறிவதை நோய்த்தடுப்பு மருத்துவத்தின் முக்கியக் கூறாகக் கொள்கின்றனர். தமிழ்நாட்டில் இக்கருத்து வேரூன்றிய வரலாற்றில் புதுக்கோட்டைக்குத் தனி இடம் உண்டு.

முத்துலட்சுமி ரெட்டியின் பங்கு

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியால், ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை சட்டமன்ற மேலவையின் உறுப்பினராகவும், 1927இல் அதன் துணைத்தலைவராகவும் ஆனார்.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் அனைவருக்கும் முறையான மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்பது அவர் அங்கு முன்வைத்த பரிந்துரைகளுள் ஒன்று. நோயுற்றவர் மருத்துவரைத் தேடிச் செல்வதே வழக்கமாக இருந்த காலத்தில், நலமாகத் தோன்றும் பிள்ளைகளை மருத்துவர் தேடிச் செல்ல வேண்டும் என்றது அப்பரிந்துரை. ஆனால் சென்னை மாகாணத்தின் முடிவுகள் அவர் பிறந்த ஊரைக் கட்டுப்படுத்தவில்லை. புதுக்கோட்டையும் பொன்னமராவதியும் 1948இல் இந்திய ஒன்றியத்துடன் இணையும் வரை தனிச் சமஸ்தான ஆட்சியில் இருந்தன.

அடையாறு புற்றுநோய் நிலையம்

முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பு, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவருள் விதைத்தது. 1952இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1954இல் 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது. 1955இல் அங்குப் பணியில் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதன் தேவையைத் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

திண்டுக்கல் ஆய்வு

பரிசோதனையால் உண்மையில் உயிர்கள் காக்கப்படுகின்றனவா என்ற கேள்விக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் விடை கிடைத்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடங்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்த்துக் கண்டறிந்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. பரிசோதனைக்குரிய 49,311 பெண்களுள் 31,343 பேர் முன்வந்தனர்.

2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. மூவரில் ஒருவருக்கு மேல் வராதபோதும் கிடைத்த பயன் இது. முன்நிலை மாற்றம் கண்டறியப்பட்ட பெண்களுக்கு உறைசிகிச்சை முதலியவை அளிக்கப்பட்டதும் இவ்வெற்றிக்குக் காரணமாகும். சிகிச்சை தொடராத பரிசோதனையால் பயனில்லை.

அரசுத் திட்டங்கள்

1999இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வருமுன் காப்போம் திட்டம், ஊர்தோறும் மருத்துவ முகாம்களை நடத்தியது. 2021இல் இது கலைஞரின் வருமுன் காப்போம் திட்டம் என மீண்டும் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இதன்வழி உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனையும் மாத்திரைகளும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இவ்விரு நோய்களும் பல ஆண்டுகள் வலியின்றி இருந்து சிறுநீரகம், கண், இதயம் ஆகியவற்றைச் சிதைப்பவை.

பொன்னமராவதியில்

பொன்னமராவதி வட்டத்தில் வலையபட்டி பாப்பாயி ஆச்சி அரசு மருத்துவமனை உள்ளது. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. எனினும் விவசாயக் கூலி வேலை செய்பவருக்கு, நோயில்லாத நாளில் மருத்துவமனைக்குச் செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். "உடம்புக்கு ஒன்றுமில்லையே, எதற்குப் போக வேண்டும்?" என்ற கேள்வி எழுவதும் இதனால்தான். மருத்துவம் மக்களைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை இங்குதான் உள்ளது. சுமார் ஒரு நூற்றாண்டுக்கு முன் மாணவர்களுக்காக முத்துலட்சுமி கேட்டதும் அதுவே.