கலிபோர்னியாவின் சாலைகளும் சட்டமன்றமும்

கலிபோர்னியாவில் ஒரு மாநில நெடுஞ்சாலை எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிய வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் தீர்மானிப்பதில்லை, சட்டம் தீர்மானிக்கிறது. தெருக்கள், நெடுஞ்சாலைகள் சட்டத்தொகுப்பில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பிரிவு உண்டு. கடலோரமாகச் செல்லும் 1ஆம் தடம் 301ஆம் பிரிவில் இருக்கிறது. 99ஆம் தடம் 399இல். தட எண்ணோடு 300ஐக் கூட்டினால் பெரும்பாலும் பிரிவு எண் கிடைத்துவிடும். எந்தத் தடத்தைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் தலைநகர் சாக்ரமெண்டோவில் மசோதா நிறைவேற வேண்டும். இரு முனைகளுக்கும் இடையில் சாலை எந்த வயல் வழியே, எந்தக் குன்றைச் சுற்றிப் போகும் என்பதை மட்டுமே நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்.

இந்த வழக்கம் வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின. 1895இல் சட்டமன்றம் நெடுஞ்சாலைப் பணியகம் ஒன்றை உருவாக்கியபோது அதற்கு வாய்த்தவர்கள் மூன்று ஆணையர்கள். அவர்கள் குதிரைகளும் ஒரு திறந்த வண்டியும் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 7,000 மைல் சுற்றி மாநிலத்தின் பாதைகளைப் பார்த்து வந்தார்கள். 1896இல் ஆளுநரிடம் அறிக்கை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே சட்டமன்றம் பணியகத்தைக் கலைத்து வேறொரு துறையை வைத்தது.  நெடுஞ்சாலை அமைப்பை நிறுவும் அதிகாரம் சட்டமன்றத்துக்குத் தெளிவாகக் கிடைத்தது 1902ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தில்தான். 1909இல் மாநில நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. அது கேட்ட 1 கோடியே 80 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் 1910இல் இசைந்தார்கள். கவுண்டிகள் எனப்படும் மாவட்டங்களின் தலைநகர்கள் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நிபந்தனை. எந்த உறுப்பினரும் வெறுங்கையோடு தொகுதிக்குத் திரும்ப வேண்டாம் என்ற கணக்கு அதில் தெரிகிறது.

கடன் வாங்கிச் சாலை போட்டால் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்? 1923இல் பெட்ரோலுக்கு காலனுக்கு 2 சென்ட் வரி விதித்து இதற்கு விடை கண்டார்கள். அந்த வருவாயை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்று 1938இல் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். இதற்கிடையில், பொருளாதார மந்தத்தில் கவுண்டிகள் திணறிய 1933ஆம் ஆண்டில், சுமார் 6,700 மைல் கவுண்டிச் சாலைகளைச் சட்டமன்றம் ஒரே வீச்சில் மாநிலப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் ஏறக்குறைய இரட்டிப்பானது. போக்குவரத்துத் தேவையை யாரும் அளந்து பார்த்துச் செய்த முடிவன்று அது. சுமையை யார் தோளில் ஏற்றுவது என்ற முடிவு.

வரிப்பணத்தைப் பங்கிடுவதில்தான் உண்மையான சண்டை. மக்கள் தொகை தெற்கே குவிய, மலையும் தூரமும் வடக்கே இருந்தன. 1926ஆம் ஆண்டின் திருத்தப்படி எந்தக் கவுண்டிக்கும் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில் ஓர் இடத்துக்கு மேல் கிடையாது. 1960இல் 60 லட்சம் பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கும் ஒரே ஒரு செனட்டர்தான். ஆகவே மாநிலச் சாலைக் கொள்கையின் லகான் ஒரேகான் எல்லையை ஒட்டிய வைரேகா என்ற சிற்றூரின் செனட்டர் ராண்டால்ஃப் கோலியர் கையில் இருந்ததில் வியப்பில்லை. 1930களின் இறுதியிலிருந்து 1976 வரை செனட்டில் இருந்த அவரை விரைவுச் சாலைகளின் தந்தை என்றே அழைத்தார்கள். 1947இல் அவர் பெயரும் பர்ன்ஸ் என்ற அசெம்பிளி (கீழவை) உறுப்பினரின் பெயரும் தாங்கிய சட்டம் பெட்ரோல் வரியை 3 சென்டிலிருந்து 4.5 சென்டாக உயர்த்தியது. கட்டுமானப் பணத்தில் தெற்குக்கு 55 விழுக்காடு, வடக்குக்கு 45 என்று பங்கும் நிர்ணயமானது. பிற்பாடு அது 60க்கு 40 ஆனது. ஆக, எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லிவிடும். அந்தத் தொகைக்குள் எந்த வேலை முதலில் என்பதை ஆளுநர் நியமித்த நெடுஞ்சாலை ஆணையம் தேர்ந்தெடுக்கும். உறுப்பினர்கள் தங்களுக்குள் சாலைக்குச் சாலை பேரம் பேசிக்கொள்ளும் சங்கடத்தை இந்த ஏற்பாடு தவிர்த்தது.

1959இல் சட்டமன்றம் 12,414 மைல் விரைவுச் சாலை வலையை வரைந்து, 1980க்குள் முடிக்கலாம் என்று நம்பியது. அதே ஆண்டு ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் நகர மேற்பார்வையாளர் மன்றம் தன் எல்லைக்குள் திட்டமிட்ட பத்து விரைவுச் சாலைகளில் ஏழை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆயுதத்தை நகரத்துக்குக் கொடுத்ததும் மாநிலச் சட்டம்தான்: விரைவுச் சாலைக்காக நகரத் தெருவை அடைக்க வேண்டுமானால் நகரத்தோடு ஒப்பந்தம் வேண்டும். 1960களின் நடுவில் ஒரு தலைக்கு ஒரு வாக்கு என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு செனட்டையும் மாற்றியமைத்தது. கிராமப்புறச் செனட்டர்களின் பிடி தளர்ந்தது.

சாலை என்ற சொல்லுக்குப் பதிலாகப் போக்குவரத்து என்ற சொல் சட்டத்தில் ஏறியது 1972இல். அசெம்பிளி மசோதா 69 நெடுஞ்சாலைப் பிரிவை கால்டிரான்ஸ் என்னும் போக்குவரத்துத் துறைக்குள் கொண்டுவந்தது. புதிய துறை 1973 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. ரயில், பேருந்து, விமானம் அனைத்தையும் உள்ளடக்கிய மாநிலத் திட்டம் ஒன்றையும் அச்சட்டம் கேட்டது. துறை நிலைத்தாலும் பழைய ஆணையங்கள் நிலைக்கவில்லை. 1977இல் ஆல்க்விஸ்ட், இங்கல்ஸ் இருவரின் சட்டம் நெடுஞ்சாலை ஆணையம் உள்ளிட்ட நான்கு அமைப்புகளைக் கலைத்து, கலிபோர்னியா போக்குவரத்து ஆணையத்தை நிறுவியது. இன்று அதில் வாக்குரிமை உள்ளவர்கள் 11 பேர்: ஒன்பது பேரை ஆளுநர் நியமிக்கிறார், ஒருவரைச் செனட்டின் விதிகள் குழு, ஒருவரை அசெம்பிளி சபாநாயகர். வாக்கில்லாமல் இரு சட்டமன்ற உறுப்பினர்களும் அமர்கிறார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 15க்குள் ஆணையம் சட்டமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். சட்டமன்றம் மொத்தத் தொகையை ஒதுக்கும். வேலைவாரியாகப் பிரிப்பது ஆணையம்.

1997இல் செனட் மசோதா 45 முடிவெடுக்கும் அதிகாரத்தை இன்னொரு படி கீழே இறக்கியது. புதிய பணிகளுக்கான நிதியில் 75 விழுக்காட்டை வட்டாரத் திட்ட அமைப்புகள் தேர்ந்தெடுக்கட்டும், மீதி 25 மட்டும் மாநிலத் துறைக்கு என்றது. நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேண்டும் என்று 1991ஆம் ஆண்டின் மத்திய சட்டம் கூறியிருந்ததால் திட்டம் எழுதும் வேலை தொடர்ந்தது. பசுங்குடில் வாயுவை 2050க்குள் 1990ஆம் ஆண்டு அளவுக்கு 80 விழுக்காடு கீழே கொண்டுவரும் வழியை அத்திட்டம் காட்ட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் செனட் மசோதா 391 சேர்த்தது. ஆனால் தனித்தனி வேலைகளின் பெயர் அந்தத் திட்டத்தில் கிடையாது, பணமும் கிடையாது.

பணம் 2017இல் செனட் மசோதா 1 வழியாக வந்தது. பெட்ரோல் வரி 12 சென்ட் உயர்ந்தது, ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் எதிர்பார்த்தார்கள். கால்டிரான்ஸைத் தணிக்கை செய்யத் தனி ஆய்வு அலுவலகமும் அச்சட்டத்தால் உருவானது. வரியை ரத்து செய்யும் முன்மொழிவை வாக்காளர்கள் 2018இல் நிராகரித்தார்கள். மறு ஆண்டு, திட்டமும் செலவும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கச் சட்டமன்றம் அசெம்பிளி மசோதா 285ஐ நிறைவேற்றியது. 2022இல் வந்த ஆய்வறிக்கை, திட்டத்தின் இலக்குகளுக்கும் உண்மையில் நிதி பெறும் வேலைகளுக்கும் இடையே இடைவெளி இருப்பதாகச் சொன்னது. நிதியைப் பங்கிடும் விதிகளோ வெவ்வேறு ஆண்டுகளில் அதே சட்டமன்றம் இயற்றிய தனித்தனிச் சட்டங்களில் இருக்கின்றன.